குறுக்கா, நெடுக்கா

இந்தக் கதையில் வருகிற குருவுக்கு வயது முப்பத்தொன்று, சீடருக்கு அறுபத்திரண்டு. தாடி, காவி, கமண்டலம் எதையும் தேடாதீர்கள். குருவிடம் ஒரு ஸ்கூட்டர் இருந்தது. அதன் பெட்டியில் ஸ்குரூடிரைவர்களும் ஒரு டார்ச்சும் கிழிந்த பனியன் துணியும் கிடந்தன.

குருவின் பெயர் ஜெசிந்தா. விருதுநகரில் ஒரு மாடி அறையில் பிரிண்டர் ரிப்பேர் பார்க்கிறாள். குருவைப் போய் அவள் இவள் என்கிறாயே என்று என்னிடம் சண்டைக்கு வர வேண்டாம். 'அவர்' என்றால், யாரைச் சொல்கிறீர்கள் என்று திரும்பிப் பார்க்கிற ஆள் அவள்.

சீடரின் பெயர் சீனிவாசகம். அரசு பஸ்ஸில் கண்டக்டராகச் சேர்ந்து, செக்கிங் இன்ஸ்பெக்டராக ஓய்வு பெற்றவர். நடு வழியில் கை காட்டி பஸ்ஸை நிறுத்தி ஏறி, உட்கார்ந்திருப்பவர்களின் தலைக்கு மேல் நின்று, டிக்கெட்டைக் காட்டு என்று கேட்டே வயசாகிப்போன மனிதர். வீட்டிலும் அதே குணம்தான். பால் பாக்கெட்டில் தேதி பார்ப்பார். பூட்டின பூட்டை இழுத்துப் பார்த்துவிட்டுப் போவார், தெருமுனையிலிருந்து திரும்பி வந்து இன்னொரு தடவை இழுப்பார்.

அவர் மனைவி சௌந்தரம், சித்திரை மாதக் கடைசியில் ஒருநாள் காலை தோசைக்கல் முன்னால் நின்றபடியே சரிந்தாள். ஆஸ்பத்திரியில் உயிரைக் காப்பாற்றிவிட்டார்கள். கால் கொஞ்சம் கொஞ்சமாக வந்தது. வலது கை வரவில்லை. பேச்சு அடியோடு போய்விட்டது.

பேச்சுப் பயிற்சி கொடுக்கிற பெண், படம் போட்ட அட்டைகளைக் காட்டிப் பழக்கச் சொன்னாள். வாரத்துக்கு நாற்பது படம் போனுக்கு வரும், அதை வீட்டிலேயே கலரில் அச்செடுத்துக் காட்ட வேண்டும். முதல் ஆறு மாதத்தில் நிறையத் திரும்பி வரும், அதற்குப் பிறகும் வரும், ஆனால் மெதுவாக வரும் என்று அவள் பொறுமையாகத்தான் சொன்னாள். சீனிவாசகத்தின் காதில் ஆறு மாதம் என்பது மட்டும்தான் விழுந்தது. ஐப்பசி முடிந்தால் ஆறு மாதம். காலையில் காலண்டர் தாளைக் கிழிக்கும்போதெல்லாம் இன்னும் எத்தனை நாள் என்று எண்ணுவார்.

சென்னையில் இருக்கும் மகள் பிரிண்டர் ஒன்றை வாங்கி அனுப்பினாள். ஜன்னல் ஓரத்தில் சௌந்தரத்தின் நாற்காலி, அதற்குப் பக்கத்திலேயே ஒரு குட்டை ஸ்டூல், ஸ்டூல் மேல் பிரிண்டர். டம்ளர், சீப்பு, சாவி, பசுமாடு, மழை என்று படங்கள் வந்து விழும். காலையில் இருபது, சாயங்காலம் இருபது. சீனிவாசகம் எதிரே நின்று அட்டையை நீட்டுவார்.

"சௌந்தரம், இது என்ன?"

அவள் அட்டையைப் பார்ப்பாள், அவரைப் பார்ப்பாள், அப்புறம் ஜன்னலைப் பார்ப்பாள். சில நாள் "ம்" என்று ஒரு சத்தம் வரும். அது வந்துவிட்டால் போச்சு, இன்னும் உரக்க இரண்டு தடவை கேட்பார். கோபம் ஒன்றும் இல்லை, பயம். இனி ஒருநாளும் இந்த வீட்டில் தன்னை யாரும் கூப்பிடப் போவதில்லையோ என்கிற பயம். அவரிடம் அது வெளியே வரும்போது டிக்கெட் கேட்கிற குரலாகத்தான் வரும், அவர் என்ன செய்வார்.

கடையில் போய் அச்செடுக்கலாமே என்று மகள் கேட்டாள். போய் நின்றால் கடைக்காரர் இதெல்லாம் எதற்கு என்று கேட்பார், சௌந்தரத்துக்கு இப்படி ஆகிவிட்டது என்று சொல்ல வேண்டிவரும். ஊர் பூராவும் பேச்சுக்குப் பேர் போன சௌந்தரம். அதைத் தன் வாயால் சொல்ல அவருக்கு மனசு வரவில்லை.

பிரிண்டர் வந்த புதிதில் ஜெசிந்தா மூன்று தடவை வீட்டுக்கு வந்து போனாள். ஒரு தடவை அட்டையைத் தலைகீழாகச் சொருகியிருந்தார். ஒரு தடவை அட்டை நமுத்திருந்தது. மூன்றாவது தடவை ஒன்றுமே இல்லை, அவருக்குச் சந்தேகம், அவ்வளவுதான். நாலாவது தடவை அவரே மாடி ஏறிப் போய், எனக்கே கற்றுக்கொடுத்துவிடுங்கள், டிக்கெட் இல்லாமல் வந்த எத்தனை பேரைப் பிடித்தவன் நான், இதைப் பிடிக்க மாட்டேனா என்றார். அன்றிலிருந்து அவளை வாத்தியாரம்மா என்றுதான் கூப்பிடுகிறார்.

ஜெசிந்தா சிரித்துவிட்டு ஒரே ஒரு நிபந்தனை போட்டாள்.

"மிஷின் மக்கர் பண்ணினா மிஷின்ல கை வைக்கக் கூடாது, சார். கெட்டுப்போன தாளை எடுத்துட்டு வாங்க. முதல்ல அதைப் படிக்கணும்."

ஆகட்டும் என்று தலையாட்டிவிட்டு வந்தார். தலையாட்டுவது அவருக்குச் சுலபம்.

ஆயுத பூஜை வந்தது. அந்த வீட்டில் ஆயுத பூஜை எப்போதும் சௌந்தரத்தின் கையில். அரிவாள்மனை முதல் சைக்கிள் வரை சந்தனம் குங்குமம் வைப்பது அவள்தான். கல்யாணமான முதல் வருஷம், அவருடைய கண்டக்டர் பையின் மேல் எட்டணா அகலத்துக்குப் பொட்டு வைத்துவிட்டாள். அரசாங்கப் பையில் இதென்ன கூத்து, பாசஞ்சர் சிரிக்க மாட்டானா என்று சத்தம் போட்டார். மறு வருஷத்திலிருந்து பையின் மூடியைத் தூக்கி உள்பக்கமாக வைப்பாள். பையைத் திறக்கும்போது அவர் ஒருவர் கண்ணில் மட்டும் படும். அப்புறம் அதைப் பற்றி இரண்டு பேரும் பேசிக்கொண்டதே இல்லை.

இந்த வருஷம் எல்லாவற்றையும் அவரே செய்தார். பிரிண்டரை மூடி திறந்து துடைத்து, ஈரம் காயட்டும் என்று அப்படியே திறந்து வைத்தார். சந்தனக் கிண்ணத்தைச் சௌந்தரத்தின் நாற்காலிக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டு மிக்ஸிக்கு, டிவிக்கு, பிரிண்டரின் முன்பக்கத்துக்கு என்று விறுவிறுவென்று பொட்டு வைத்தார். நடுவில் பக்கத்து வீட்டு மாரித்தாய் பொரிகடலையோடு வாசலில் வந்து நின்றாள். போய் வாங்கிக்கொண்டு, அவள் கேட்டதற்கெல்லாம் பதில் சொல்லிவிட்டுத் திரும்பியவர், நேரமாகிவிட்டதே என்று பிரிண்டரைப் படக்கென்று மூடிவிட்டுச் சூடம் காட்டினார்.

படிக்கிற பொருளையும் சாமி முன்னால் வைத்துவிட வேண்டும் அல்லவா, அட்டைக் கட்டையும் வைத்தார். பூஜையில் வைத்ததை அன்றைக்கு எடுக்கக் கூடாது. மே மாதத்துக்குப் பிறகு அந்த வீட்டில் "இது என்ன?" என்று யாரும் கேட்காத ஒரே நாள் அது. அவருக்கு அன்று முழுக்கக் கை அரித்துக்கொண்டே இருந்தது.

மறுநாள் விஜயதசமி. அன்றைக்குத் தொடங்கினால் நல்லது என்று புதுப் படங்களைக் காத்து வைத்திருந்தார். இன்னும் முப்பத்துநாலு நாள். சாமி கும்பிட்டுவிட்டு முதல் படத்தை அனுப்பினார். கிளி ஒன்று வந்து விழுந்தது. அந்தக் கிளிக்கு இரண்டு மூக்கு இருந்தது.

அடுத்தது யானை. அதன் கண் கலங்கி, காதோடு ஒட்டிக்கொண்டிருந்தது. சீனிவாசகத்துக்குக் கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை. வாத்தியாரம்மா சொன்னது எங்கே ஞாபகம் வரும்? ஹெட் கிளீனிங் பொத்தானை அமுக்கினார்.

மை வருகிற தலைக்கு ஹெட் என்று பெயர். அதில் கண்ணுக்குத் தெரியாத ஓட்டைகள் இருக்கும். மை காய்ந்து ஓட்டை அடைத்துக்கொண்டால், மிஷினே மையை இழுத்துக் கொப்பளித்துத் துப்பிச் சுத்தம் செய்துகொள்ளும். ஒரு தடவை, மிஞ்சிப் போனால் இரண்டு தடவை செய்யலாம். அவர் நாலு நாளில் ஏழு தடவை செய்தார். ஒவ்வொரு தடவையும் கிளி இரண்டு மூக்கோடுதான் வந்தது.

மூன்றாவது தடவை மிஷின் கடகடவென்று சத்தம் போட்டபோது, சௌந்தரம் இடது கையால் நாற்காலிக் கட்டையைத் தட்டினாள். அவர் திரும்பியதும் பிரிண்டரைக் கைநீட்டிக் காட்டினாள். சீனிவாசகத்துக்கு உயிர் வந்தது போல இருந்தது. ஓடிவந்து அவள் முன்னால் நின்றார்.

"ஆமா, பிரிண்டர். சொல்லு பார்ப்போம். பி-ரி-ண்-டர்."

அவள் கையை மடியில் போட்டுக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பிவிட்டாள். அன்று சாயங்காலம் வரை திரும்பவில்லை.

ஐந்தாம் நாள் மாரித்தாயைச் சௌந்தரத்துக்குப் பக்கத்தில் ஒரு மணி நேரம் உட்காரச் சொல்லிவிட்டு, கெட்டுப்போன தாள் ஒன்றை எடுத்துக்கொண்டு மாடி ஏறினார். ஜெசிந்தா ஒரு மிஷினைப் பிரித்துப் போட்டு நடுவில் உட்கார்ந்திருந்தாள். ஹெட் அடைத்துவிட்டது, கலர் போய்விட்டது, கழுவியும் கேட்கவில்லை, ஹெட்டையே மாற்றிவிடலாமா என்று அவர் மூச்சு வாங்கிக்கொண்டே சொல்லி முடித்தார். ஜெசிந்தா தாளை வாங்கி அப்படியும் இப்படியும் திருப்பினாள்.

"குறுக்கா, நெடுக்கா?"

"என்னதும்மா?"

"கெட்டுப்போனது."

"எல்லாமே கெட்டுப்போச்சு. இன்னும் முப்பது நாள்தான் இருக்கு, வாத்தியாரம்மா."

"தாள்ல முப்பது நாள் தெரியலையே, சார். என்ன தெரியுது?"

"கலங்கலாத் தெரியுது."

"எங்க?"

"எங்கயும்தான்."

ஜெசிந்தா தாளை அவரிடமே கொடுத்துவிட்டாள். இதுவரை கெட்டுப்போனதை எல்லாம் ஒன்று விடாமல் சேர்த்து எடுத்துக்கொண்டு நாளை மறுநாள் வரச் சொன்னாள். அதுவரை மிஷினை அணைத்துப் போட்டுவிட வேண்டும், கழுவக் கூடாது, தொடக் கூடாது என்றாள்.

"அப்ப நான் என்ன செய்யட்டும்?"

"உட்காருங்க."

"சும்மாவா?"

"சும்மாதான்."

இதைவிடப் பெரிய தண்டனையை அவருக்கு யாரும் கொடுத்திருக்க முடியாது. வீட்டுக்கு வந்து உட்கார்ந்தார். எழுந்து காலண்டரைப் பார்த்தார். திரும்ப உட்கார்ந்தார். பழைய அட்டைகளை எடுத்துச் சௌந்தரத்திடம் காட்டினார், அவள் கண்ணை மூடிக்கொண்டாள். தூங்குகிறாளா, அல்லது இவரைப் பார்க்கப் பிடிக்கவில்லையா என்று தெரியவில்லை. அதுதான் அவரை ரொம்பவும் உலுக்கிவிட்டது. மத்தியானம் மூன்று மணிக்குப் பிரிண்டரைப் போட்டார். அன்றும் மறுநாளுமாக இன்னும் நாலு தடவை கழுவினார். மை அளவு பாதிக்குக் கீழே இறங்கியிருந்தது. கிளிக்கு இரண்டு மூக்கு.

ஏழாம் நாள் இருபத்துமூன்று தாளோடு போனார். உட்காருவதற்கு முன்பே ஜெசிந்தா கேட்டாள்.

"எத்தனை தடவை கழுவினீங்க?"

"ஏழு."

அவள் அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். டிக்கெட் எடுக்காமல் ஏறினவன் செக்கிங்கைப் பார்த்தால் எப்படி விழிப்பான் என்று சீனிவாசகத்துக்கு நன்றாகத் தெரியும். இப்போது அப்படித்தான் விழித்தார்.

"பதினொன்னு" என்றார்.

ஜெசிந்தா தாள்களை வாங்கி நான்கு ஓரமும் சேரும்படி தட்டிக் கட்டாக்கினாள். மேசை இழுப்பறையிலிருந்து ஒரு கோணி ஊசியை எடுத்தாள். முதல் தாளில் கிளியின் மூக்கு எங்கே இரண்டாகத் தெரிந்ததோ அந்த இடத்தில் ஊசியை வைத்து, கட்டு முழுக்க இறங்கும்படி குத்தி எடுத்தாள்.

"இப்ப ஒவ்வொண்ணா எடுத்துப் பாருங்க."

எடுத்துப் பார்த்தார். இரண்டாவது தாளில் யானைக் கண்ணில் ஓட்டை விழுந்திருந்தது. மூன்றாவதில் குடைக் கம்பியில். அடுத்ததில் ஒரு பல் இருக்கிற இடத்தில் நாலு பல்லாகத் தெரிந்த சீப்பில். எதை எடுத்தாலும் ஊசி கலங்கலில்தான் இறங்கியிருந்தது. இடது ஓரத்திலிருந்து நாலு விரல் தள்ளி, மேலிருந்து கீழே வரை, ஒரு விரல் அகலத்துக்கு எல்லாத் தாளிலும் ஒரே கலங்கல். மற்ற இடமெல்லாம் பளிச்சென்று இருந்தது. இத்தனை நாள் கையில் வைத்துக்கொண்டிருந்த தாள்கள் இவை.

"நெடுக்கு" என்றார் மெதுவாக.

ஓட்டை அடைத்தால் வெள்ளைக் கோடு குறுக்கே ஓடும் என்றாள் ஜெசிந்தா. ஹெட் குறுக்கேதான் ஓடுகிறது, அதனால். நெடுக்கே கலங்கினால் ஹெட்டில் ஒரு குறையும் இல்லை. அது ஓடுகிற வழியில், அந்த நாலு விரல் தூரத்தில், ஏதோ ஒன்று இருக்கிறது.

"என்ன இருக்கு?"

"அதை அங்க வந்துதான் பார்க்கணும். நாளைக்கு வெளியூர் வேலை. நாளன்னைக்கு வர்றேன்."

"இன்னும் ரெண்டு நாளா?" என்றார் சீனிவாசகம். குரல் உடைந்துவிட்டது. "அம்மா, அவ பேசாமலே இருந்துட்டா நான் என்ன பண்ணுவேன்?"

ஜெசிந்தா ஊசியைத் துடைத்து இழுப்பறையில் போட்டாள்.

ஒன்பதாம் நாள் காலை பத்து மணிக்கு ஸ்கூட்டர் சத்தம் கேட்டது. இன்னும் இருபத்தாறு நாள். சீனிவாசகம் வாசலிலேயே நின்றிருந்தார். உள்ளே வந்த ஜெசிந்தா நேராகச் சௌந்தரத்திடம் போய், நல்லா இருக்கீங்களா அம்மா என்று கேட்டாள். கேட்டுவிட்டுப் பதிலுக்கு நிற்கவில்லை, பிரிண்டருக்குப் பக்கத்தில் போய்விட்டாள். சௌந்தரம் ஜன்னலை விட்டுவிட்டு அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

முதலில் பின்பக்கத்தில் ஒரு திருகாணியைக் கழற்றி ஒரு சின்னப் பெட்டியை இழுத்தாள். உள்ளே கறுப்பு, நீலம், சிவப்பெல்லாம் கலந்து ஊறிப்போய் உப்பிக் கிடந்தது ஒரு பஞ்சு. கழுவுகிற மை எல்லாம் இங்கேதான் வந்து சேரும் என்றாள்.

"இவ்வளவும் வீணாப் போன மையா?"

"கொஞ்சம் மை. மீதி நீங்க பயந்தது."

அவர் தலையைக் குனிந்துகொண்டார். ஜெசிந்தா பஞ்சை மாற்றிவிட்டு மூடியைத் திறந்தாள். ஹெட் ஓடுகிற கம்பிக்குப் பின்னால், இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரை, சேமியா அகலத்துக்கு, கண்ணாடி போன்ற ஒரு பிளாஸ்டிக் நாடா இழுத்துக் கட்டியிருந்தது. மெக்கானிக்குகள் அதை ஸ்ட்ரிப் என்பார்கள். அதில் பொடிப் பொடியாகக் கோடுகள் இருக்கும். ஹெட் ஓடும்போது அந்தக் கோடுகளை எண்ணித்தான், நாம் இப்போது எங்கே இருக்கிறோம் என்று தெரிந்துகொள்ளும். அதில் அழுக்குப் பட்டால் எண்ணிக்கை தப்பிவிடும், இருக்கிற இடம் தெரியாமல் மையைத் தள்ளி ஊற்றிவிடும்.

"நான் இதைத் தினம் திறந்து பார்த்தேனே" என்றார் சீனிவாசகம். "ஒன்னும் இல்லையே."

"எப்படிப் பார்த்தீங்க?"

"இப்படித்தான்." ஸ்டூலுக்குப் பக்கத்தில் நின்று, இடுப்பில் கை வைத்து, மேலிருந்து குனிந்து காட்டினார்.

ஜெசிந்தா சப்பணம் போட்டுத் தரையில் உட்கார்ந்தாள். பக்கத்து இடத்தைத் தட்டிக் காட்டினாள். அறுபத்திரண்டு வயது முழங்கால், ஒரு கையை நாற்காலிக் கட்டையில் ஊன்றித்தான் உட்கார முடிந்தது. உட்கார்ந்த பிறகுதான் கவனித்தார், சௌந்தரத்தின் முழங்கை அவர் தோளுக்குப் பக்கத்தில் இருந்தது. இந்த ஐந்து மாதத்தில் இந்த உயரத்துக்கு அவர் வந்ததே இல்லை.

ஜெசிந்தா டார்ச்சை அடித்தாள்.

நாடாவில் நாலு விரல் தூரத்தில் மஞ்சளாக ஒரு தீற்றல் இருந்தது. அதற்கு நேர் பின்னால், உள்தகட்டில், பாதிப் பொட்டு ஒட்டிக்கொண்டிருந்தது. ஹெட் போய் வந்து உரசி மறு பாதியை நாடாவில் இழுத்துவிட்டிருந்தது. சந்தனம் காய்ந்து வெடித்திருந்தது. அதன் நடுவில் ஒரு துளி குங்குமம் கோணலாக, கொஞ்சம் வழிந்து இருந்தது.

"பூஜைக்கு நீங்க வெச்சதா, சார்?"

"இல்ல. நான் முன்னாலதான் வெச்சேன். வெளியில..."

வெளியில் என்ற சொல் வாயிலேயே நின்றுவிட்டது.

"வேற யாரு வீட்டுல?"

அவர் அந்தப் பொட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். மூடியைத் தூக்கி உள்பக்கம் வைப்பதற்கு அந்த வீட்டில் ஒரே ஒருத்திதான் உண்டு. வலது கை விழுந்துபோனவள், இடது கையால் சந்தனக் கிண்ணத்தை எட்டி, நாற்காலியிலிருந்து சாய்ந்து, கோணலாக வைத்திருக்கிறாள். அவர் வாசலில் பொரிகடலை வாங்கிக்கொண்டிருந்த நேரத்தில்.

"அன்னைக்கு அவங்ககிட்ட ஏதாவது கேட்டீங்களா?" என்றாள் ஜெசிந்தா.

"இல்லம்மா. அட்டையெல்லாம் பூஜையில இருந்துச்சு."

ஜெசிந்தா தலையாட்டினாள். பனியன் துணியைத் தண்ணீரில் லேசாக நனைத்துப் பிழிந்து அவரிடம் கொடுத்தாள். அழுத்தக் கூடாது, இழுக்கக் கூடாது, நாடா அறுந்துவிடும் என்றாள். சீனிவாசகம் நாடாவில் இருந்த தீற்றலை மூன்று தடவை மெல்லத் துடைத்தார். சுத்தமாகிவிட்டது. துணி உள்தகட்டுக்குப் போனபோது அப்படியே நின்றது. அவர் குருவைப் பார்த்தார்.

"இதையும் அழிக்கணுமா?"

"மிஞ்சின பாதி வழியில இல்ல, சார். இருந்துட்டுப் போகட்டும்."

மூடியை மூடி, படத்தை அனுப்பினாள். மிஷின் இழுத்து, முனகி, அட்டையைத் தள்ளியது. கிளி வந்தது. ஒரு மூக்கு, சிவப்பாக, கூர்மையாக. இறகில் ஒவ்வொரு கோடும் தனியாகத் தெரிந்தது. சீனிவாசகம் அட்டையை இரண்டு கையாலும் எடுத்துக்கொண்டு, பழக்கத்தில் சௌந்தரத்தின் பக்கம் நீட்டினார். வாய் தானாகத் திறந்தது.

"சௌந்தரம், இது..."

அதற்கு மேல் வரவில்லை. அவள் ஜன்னலைப் பார்க்கவில்லை. தரையில் உட்கார்ந்திருக்கிற தன் புருஷனைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பார்வையில் கோபம் இல்லை. கண்டக்டர் பையைத் திறந்து பார்த்தாரா இல்லையா என்று சாயங்காலம் வேலை முடிந்து வருகிறவரின் முகத்தில் தேடுவாளே, அந்தப் பார்வை. அவர் அட்டையை மடியில் வைத்துவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். ஜெசிந்தா ஸ்குரூடிரைவர்களைப் பொறுக்கிப் பெட்டியில் போட்டு, ஸ்கூட்டர் சாவியைக் கையில் எடுத்துக்கொண்டாள்.

"வாத்தியாரம்மா, போயிடாதீங்க" என்றார் சீனிவாசகம். "இப்ப நான் இவகிட்ட என்ன கேட்கணும்?"

"கேட்டது போதும், சார். பதில் வந்து ஒன்பது நாளாச்சு."